புயலுக்குப் பின் சவுக்குத் தோப்புப் பாதையைத் திறப்பது எப்படி? புதிதாக உதவ வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2011இல் தானே, 2016இல் வர்தா, 2018இல் கஜா, 2022இல் மாண்டஸ், 2024இல் ஃபெஞ்சல். ஒவ்வொரு புயலும் தமிழகக் கடற்கரையில் ஏதோ ஒரு துண்டைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் போனது. சாலையில் விழுந்த மரங்களை நெடுஞ்சாலைத் துறையும் தீயணைப்புத் துறையும் முதலில் அகற்றுவார்கள். ஊரிலிருந்து சவுக்குத் தோப்புக்குள் புகுந்து கடற்கரையில் போய் முடியும் ஒற்றையடிப் பாதை எந்தப் பட்டியலிலும் கடைசியில்தான் வரும். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படகுக்குப் போகிறவருக்கும், மீன் கூடையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடி வரும் பெண்களுக்கும் அதுதான் சாலை. அதைத் திறந்துவிட வெளியூரிலிருந்து இளைஞர்கள் கிளம்பி வருவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. அவர்களில் ஒருவர்கூடக் காயத்தோடு திரும்பக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆள் சுமையோடு தடையின்றி நடக்க வழி வேண்டும். உங்கள் வேலை அவ்வளவுதான். நான்கைந்து அடி அகலம் போதும். தோப்பையே துப்புரவாக்கிவிட வேண்டும் என்று இறங்கினால் ஆளுக்கும் ஆபத்து, மணலுக்கும் கேடு. விழுந்து கிடக்கும் மரமும் அதன் வேரும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. பாதைக்கு வெளியே கிடப்பதை அப்படியே விட்டுவிடுவதில் ஒரு குறைவும் இல்லை.

காற்று அடங்கும் வரை உள்ளே போகாதீர்கள்

புயலின் கண் ஊருக்கு மேலே கடந்தால் திடீரென்று அமைதியாகும். புயல் முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே வந்தால், சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று அடிக்கும். முதல் காற்றில் வேர் ஆட்டம் கண்ட மரங்கள் இரண்டாவது காற்றில்தான் சாயும். வானிலை ஆய்வு மையம் புயல் வலுவிழந்துவிட்டது என்று அறிவித்து, அதன் பிறகு நல்ல பகல் வெளிச்சமும் வந்த பிறகே தோப்புக்குள் கால் வையுங்கள்.

அடுத்தது மின்கம்பி. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும், மின்வாரியத்தின் ஊழியர் வந்து உறுதி செய்யும் வரை நம்பாதீர்கள். ஊரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தாலும், எங்கோ ஒரு வீட்டில் ஓடும் ஜெனரேட்டர் தவறாக இணைக்கப்பட்டிருந்தால் அந்தக் கம்பியில் உயிர் இருக்கும். கம்பி மரத்தின் மேல் கிடந்தால் மரத்தையும் தொடக் கூடாது. ஈர மணலும் தேங்கிய நீரும் மின்சாரத்தைக் கடத்தும். முப்பது அடிக்கு அப்பால் நின்று மற்றவர்களையும் தடுத்து நிறுத்துங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மூன்றையும் கிளம்பும் முன்பே போனில் சேமித்துக்கொள்ளுங்கள், ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். சார்ஜ் தீர்ந்த போன் எதற்கும் உதவாது.

மரம் யாருடையது?

விழுந்த மரத்துக்கும் உரிமையாளர் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் நடப்பட்ட சவுக்குத் தோப்புகளில் பல வனத்துறையுடையவை. சில ஊராட்சியுடையவை, சில வருவாய்த் துறையின் புறம்போக்கில் நிற்பவை, சில தனியார் பட்டா. வனத்துறை மரம் என்றால் வனவரிடமோ வனக்காப்பாளரிடமோ பேசி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கோடியக்கரை போன்ற சரணாலயத்துக்குள் என்றால் ஒரு சுள்ளியைக்கூட அனுமதியின்றி நகர்த்தக் கூடாது. மற்ற இடங்களில் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் போய் நிற்பதுதான் மரியாதை. அதனால் வேலையும் எளிதாகும். எந்தப் பாதை முதலில் வேண்டும், எது இரண்டு நாள் பொறுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பட்டா நிலத்து மரத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னைக்கு, மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று ஆக மொத்தம் 1,100 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. இத்தகைய நிவாரணம் கணக்கெடுப்பை வைத்தே கிடைக்கிறது. அதிகாரிகள் வந்து எண்ணுவதற்கு முன் நீங்கள் நல்லெண்ணத்தோடு அறுத்து அடுக்கிவிட்டால், அந்தக் குடும்பம் அலுவலகப் படிகளில் ஏறி இறங்க நேரிடும். எனவே உரிமையாளரைக் கேளுங்கள். வெட்டும் முன் தூர், தண்டு, சுற்றுப்புறம் மூன்றும் தெரியும்படி படம் எடுத்து அவரிடமே கொடுங்கள்.

முதல் நடை வெறுங்கையோடு

இரண்டு பேர் போதும். கையில் அரிவாள் வேண்டாம். அரிவாள் இருந்தால் கை சும்மா இருக்காது, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வெட்டத் தொடங்கிவிடுவோம். சுண்ணாம்போ வண்ணத் துணியோ எடுத்துக்கொண்டு பாதையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெல்ல நடந்து வாருங்கள்.

தரையைப் பார்க்கும் முன் மேலே பாருங்கள். முறிந்து கிளையிடுக்கில் மாட்டிக்கொண்ட கொப்பு எப்போது விழும் என்று சொல்ல முடியாது, லேசான கடற்காற்று போதும். அடுத்து, பாதி சாய்ந்து பக்கத்து மரத்தின் மேல் தொங்கி நிற்கும் மரங்கள். அவற்றின் கீழே நடக்காதீர்கள். தாங்கி நிற்கும் மரத்தை வெட்டிவிட்டால் இரண்டும் இறங்கிவிடும் என்று ஒருவர் கண்டிப்பாக யோசனை சொல்வார். உயிர்ப்பலி வாங்கும் யோசனை அது. தொங்கு மரத்துக்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டு, வனத்துறை அல்லது தீயணைப்பு ஆட்களுக்கு விட்டுவிடுங்கள்.

மற்ற மரங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, கைக்கருவியால் முடியும் சிறு கிளைகளும் மணிக்கட்டுப் பருமன் கழிகளும்; இரண்டு, அனுபவமுள்ள அறுப்பாளர் வேண்டிய தொடைப் பருமன் தண்டுகளும் அதற்கு மேற்பட்டவையும்; மூன்று, இயந்திரம் வரும் வரை தொடக் கூடாதவை. பெரும்பாலான பாதைகளில் முதல் வகையை மட்டும் அகற்றினாலே ஆள் போக வழி கிடைத்துவிடும் என்பது என் அனுபவம்.

சுற்றுப்பாதை விடலாமா என்ற கேள்வி இங்கே வரும். பல சமயம் அதுதான் நல்ல தீர்வு. ஆனால் கடல் பக்கத்து மணல் மேட்டின் வழியாக மட்டும் விடாதீர்கள். அங்கே படர்ந்திருக்கும் அடும்புக் கொடியும், முள் உருண்டையாகப் பூக்கும் ராவணன் மீசைப் புல்லும்தான் அந்த மேட்டைக் கட்டி வைத்திருக்கின்றன. ஒரு வாரம் ஊரே அதை மிதித்து நடந்தால் கொடி அறுந்து, அடுத்த காற்றில் மணல் நகரத் தொடங்கும். நிலத்தின் பக்கமாக, தோப்புக்குள்ளேயே சுற்றி விடுங்கள்.

விழுந்த மரம் ஓய்ந்து கிடக்கவில்லை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

சவுக்கு வேர் மணலில் ஆழமாக இறங்காமல் பரந்து ஓடும். மழையில் ஊறிய மணல் பிடியை விட்டதும் மரம் வேரோடு சாய்கிறது. தூர்ப் பக்கம் வேரும் மண்ணும் சேர்ந்த வேர்த்தட்டு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், அதன் கீழே பள்ளம், பள்ளத்தில் மழைநீர். அறுபட்ட வேர்களுக்கு நடுவே அறுபடாத சில வேர்கள் இன்னும் மண்ணைப் பிடித்து முறுக்கேறி நிற்கின்றன. அந்தத் தட்டைத் தூக்கி வைத்திருப்பது படுத்திருக்கும் தண்டின் எடைதான். தண்டைத் தூர் அருகே அறுத்த நொடியில் எடை போய்விடும். பல நூறு கிலோ வேரும் மண்ணும் ஒரே வீச்சில் பழைய இடத்துக்குத் திரும்பி அமரும். அந்தப் பள்ளத்தில் யாராவது நின்றால் அவரைக் காப்பாற்ற முடியாது. தூரைச் சுற்றி யாரையும், குறிப்பாக வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை, நிற்க விடாதீர்கள். தூரை அறுக்கவே தேவையில்லை என்றால் இன்னும் நல்லது. பாதையை மறிக்கும் நடுத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, வேர்த்தட்டோடு ஆறேழு அடித் தண்டை விட்டு வைத்தால் அது பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். அப்போதும் தட்டின் முன்னும் பின்னும் நிற்காதீர்கள்.

அடுத்து, ரம்பம் கவ்விக்கொள்வது. தண்டு இரு முனையிலும் மேட்டில் தங்கி நடுவே தொய்ந்திருந்தால், அதன் மேல்பக்கம் நெருங்கியும் கீழ்ப்பக்கம் விரிந்தும் இருக்கும். மேலிருந்தே முழுதும் அறுத்தால் பாதியில் வாய் மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்து நிறுத்திவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தங்கி மறு முனை அந்தரத்தில் நீண்டிருந்தால் கணக்கு தலைகீழ்: முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. எந்த வகை என்று தெரியாவிட்டால் ஓர் அங்குலம் அறுத்துப் பாருங்கள். அறுத்த வாய் விரிந்தால் அது இழுபடும் பக்கம். மூடினால் நெருங்கும் பக்கம். வாய் மூடுவது போலத் தெரிந்ததும் மர ஆப்பு ஒன்றைச் சொருகித் தட்டிவிட்டால் ரம்பம் தப்பிக்கும். இரும்பு ஆப்பு வேண்டாம், ரம்பம் அதில் பட்டால் பல் போய்விடும்.

எல்லாவற்றிலும் நயவஞ்சகமானது, பெரிய மரத்தின் கீழே சிக்கி வளைந்து நிற்கும் இளஞ்சவுக்கு. கையால் பிடித்தால் சுற்றிக்கொள்ளும் பருமன்தான். பார்த்தால் ஒரே வெட்டில் போய்விடும் போலிருக்கும். வெட்டினால் நாணை விட்ட வில் போல நிமிர்ந்து தாடையில் அடிக்கும். தெரிந்தவர்கள் அதை வெட்டுவதில்லை. வளைவின் உட்பக்கத்தில் ரம்பத்தால் மெல்ல மெல்லச் சீவிக்கொண்டே போவார்கள். கழி தன் முறுக்கை இழந்து தானாக மடங்கும். புதியவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், முதல் நாளே செய்ய வேண்டாம்.

கருவிகள்

நல்ல வெட்டரிவாள் ஒன்று, வளைந்த கை ரம்பம் ஒன்று, கோடாரி, கடப்பாரை, மர ஆப்புகள், நீளமான வடம். எட்டுப் பேருக்கு இது போதும். செயின் ரம்பம் புதியவர் கைக்கு உரியதில்லை. மரக்கடையிலும் வனத்துறையிலும் அதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இயக்கட்டும். அவர் அறுக்கும்போது இரண்டு மரத்தின் நீளத்துக்கு அப்பால் நில்லுங்கள். கடலோர மரப்பட்டையில் மணல் ஏறியிருக்கும், சங்கிலி சீக்கிரம் மழுங்கும். அறுக்கும் இடத்தைத் துடைப்பத்தால் தட்டிக் கொடுத்தால் அறுப்பாளருக்குப் பெரிய உதவி. மாலையில் எல்லாக் கருவிகளையும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போடுங்கள். உப்புக் காற்று ஓர் இரவில் துரு ஏற்றிவிடும்.

செருப்போடு வராதீர்கள். சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் இறங்கும். மூடிய காலணி, முழுக்கால் சட்டை, கையுறை, தலைக்கவசம். தனிக் கவசம் கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளுங்கள்.

வடம் இழுக்கும் வேலையை மீனவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். கரைவலை இழுத்தும் படகு ஏற்றியும் பழகியவர்களுக்கு முடிச்சும் தெரியும், ஒரே குரலில் இழுக்கவும் தெரியும். நைலான் கயிறு இழுவையில் நீளும், அறுந்தால் அதே வேகத்தில் திரும்பி வரும். இழுபடும் கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, யாரும் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

கை விடும் முன் கோல் விடுங்கள்

மழைநீர் பொந்துகளை நிரப்பியதும் பாம்புகள் ஏறிக்கொள்வது இந்தச் சவுக்கு மிலாற்றுக் குவியலுக்குள்தான். கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் நல்ல பாம்பும் இருக்கலாம். நீளக் கோலால் தட்டி ஓசை எழுப்பி, கொஞ்சம் பொறுத்து, பிறகு கிளையை இழுங்கள். குவியலுக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டாம். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 அழைத்து விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மரம் விழுந்ததில் கலைந்த தேன்கூடும் கடந்தைக் கூடும் இருந்தால் அன்று அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மரத்துக்கு மரம் வேலை மாறும்

சவுக்கு கனமான மரம், பச்சையாக இருக்கும்போது இன்னும் கனம். இருவர் முதுகை வளைக்காமல் தூக்கும் அளவுக்குத் துண்டு போடுங்கள். துண்டுகளைப் பாதையை ஒட்டி, அதே திசையில் படுக்க வையுங்கள். குறுக்கே போட்டால் அடுத்த மழையில் தண்ணீர் தேங்கும். இடத்திலேயே எரிக்கவே கூடாது. காய்ந்த சவுக்குச் சருகில் தீ பிடித்தால் தோப்பு முழுதும் ஓடிவிடும், புயலுக்குத் தப்பிய மரங்களையும் இழப்போம். துண்டுகளை விறகுக்குக் கொடுப்பதா, ஏலம் விடுவதா என்பதை உரிமையுள்ளவர்கள் முடிவு செய்யட்டும்.

தென்னை வேறு வகை. நார் நிறைந்த தண்டு சங்கிலிப் பல்லைத் தின்றுவிடும், அறுப்பாளர் அடிக்கடி கூர் தீட்ட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், வெட்டிய தண்டை அங்கேயே மக்க விடாமல் இருப்பது. மக்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பின்னர் அது நிமிர்ந்து நிற்கும் தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். புயலில் பிழைத்த மரத்தை வண்டுக்குக் கொடுத்தால் அந்த விவசாயிக்கு இரட்டை இழப்பு. தண்டைப் பிளந்து காய வையுங்கள், அல்லது தோப்பிலிருந்து வெளியே அனுப்புங்கள்.

பனை சுலபத்தில் சாயாது. மட்டைகள் மட்டும் பாதையில் கிடக்கும். கருக்கு கையைக் கிழிக்கும் என்பதால் நுனியைப் பிடித்து இழுங்கள். நிற்கும் பனை எவ்வளவு சாய்ந்திருந்தாலும் அதைத் தொடாதீர்கள், வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

பூவரசு, புன்னை, வேம்பு விழுந்திருந்தால் வெட்டும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். பாதி வேர் மண்ணில் இருந்தால், இளமரமாகவும் இருந்தால், கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்து, நிமிர்த்தி, மூன்று பக்கமும் கயிறு கட்டி நிறுத்தலாம். கயிறு பட்டையை அறுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபையோ சாக்கையோ சுற்றுங்கள். வேர் காயும் முன், இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்தால்தான் பலன். பூவரசைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் கிளையைப் போத்தாக வெட்டி, பாதை ஓரத்தில் ஈர மண்ணில் ஊன்றிவிடுங்கள். துளிர்த்துவிடும்.

திறந்த பிறகு

இரு முனையிலும் அட்டை எழுதிக் கட்டுங்கள்: எந்த இடம் திறந்திருக்கிறது, எங்கே சிவப்புத் துணி கட்டிய மரம் இருக்கிறது, இருட்டிய பிறகு எந்தப் பக்கம் போகக் கூடாது. அதை ஊர்க்காரர் ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படைத்துவிட்டு வாருங்கள். புயலில் வேர் ஆடிய மரங்கள் அடுத்த மழையிலும் சாயும் என்பதால், ஒரு வாரம் கழித்தும் அடுத்த பெருமழைக்குப் பின்னும் யாராவது அதே வெறுங்கை நடையை நடந்து பார்க்க வேண்டும்.

வேலை டிசம்பரைத் தாண்டி நீண்டால் கடல் பக்கத்தில் இன்னொரு கவனம் தேவை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். அலை ஒதுக்கிய பெரிய கட்டைகள் அவற்றின் வழியை மறிக்கும். அந்தக் கட்டைகளை அகற்றுவது நல்ல வேலைதான். ஆனால் ஜேசிபியை மணலில் இறக்கும் முன் வனத்துறையிடம் கேளுங்கள், புதைந்திருக்கும் முட்டைகளின் மேல் சக்கரம் ஏறிவிடக் கூடாது. காலையில் மணலில் அகலமான துடுப்புத் தடம் கடலிலிருந்து ஏறித் திரும்பியிருந்தால், அந்த இடத்தில் கொம்பு நட்டு, அன்றைய வேலையை வேறு பக்கம் மாற்றிக்கொண்டு, வனக்காப்பாளருக்குச் சொல்லுங்கள். முட்டை பொரிய 45 முதல் 60 நாட்கள் ஆகும். அதுவரை அந்தப் பக்கத்துக் கட்டைகள் அங்கேயே கிடக்கட்டும்.